முற்றத்திற்கு வந்த பள்ளி

மழை ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில் வீட்டு வாயிலில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று அமர்ந்திருக்கிறது. அதன் கையில் ஒரு கொட்டாங்கச்சி. ஈர மணலை அள்ளி அதில் நிரப்புகிறது, உள்ளங்கையால் அழுத்துகிறது, தரையில் கவிழ்க்கிறது. மணல் சிறு குன்றுபோல் நிற்கிறது. பிறகு திண்ணை ஓரத்தில் நனையாமல் கிடக்கும் மணலை அள்ளிக் கவிழ்க்கிறது. இம்முறை குன்று நிற்கவில்லை, சரிந்து விழுகிறது. குழந்தை அதனையே சிறிது நேரம் உற்றுநோக்குகிறது. மீண்டும் ஈரமணலுக்குத் திரும்புகிறது. அவ்வழியே செல்லும் பெரியவர், குழந்தை பொழுது போக்குகிறது என்று எண்ணிச் செல்வார். குழந்தையோ பொழுதைப் போக்கவில்லை. ஈரம் மணலைப் பிணைக்கும் என்பதனைத் தன் கைகளாலேயே ஆராய்ந்து அறிந்துகொண்டிருக்கிறது.

இத்தகைய விளையாட்டை எந்தக் குழந்தைக்கும் எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. அங்ஙனமாயின், பள்ளிப் பருவம் எய்தாத குழந்தைகளின் விளையாட்டுக்குப் பெரியோர் திட்டம் வகுப்பது எதற்கு? தானே ஓடும் ஆற்றுக்கு எவரேனும் வழி சொல்லிக் கொடுப்பரோ? இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாக அறிஞர் சிலர் இதற்கு விடை தேடியுள்ளனர். அவர்கள் வகுத்த திட்டங்களைப் பலமுறை திருத்திக் கொடுத்தவர்கள் வேறு அறிஞர் அல்லர், குழந்தைகளே.

செருமனி நாட்டில் தூரிங்கியா என்னும் காட்டுப் பகுதியில் 1782-ஆம் ஆண்டில் பிறந்தவர் பிரெடெரிக் பிரோபெல். அவர் தாய்முகம் அறியாதவர். ஓராண்டு நிறையுமுன்பே அன்னையை இழந்தார். தந்தையார் சமயத் தொண்டர். தம் கடமைகளுக்கிடையே மகனைப் பேண அவருக்கு நேரமில்லை. தனித்து வளர்ந்த அச்சிறுவனுக்கு வீட்டுத் தோட்டமே தோழன் ஆயிற்று. அவர் முதிர்ந்த வயதில், 1837-ஆம் ஆண்டில், பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் சிறு குழந்தைகளுக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கினார். 1840-இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்' எனப் பெயரிட்டார். குழந்தைகளின் தோட்டம் என்பது அச்சொல்லின் பொருள். அன்பில்லாத வீட்டில் தோட்டத்தைத் துணையாகக் கொண்ட ஒருவர், பள்ளிக்கும் அப்பெயரையே வைத்தது வியப்பன்று.

குழந்தைகளின் விளையாட்டுக்கென்றே ஒழுங்குபடுத்திய பொருள்களைப் பிரோபெல் ஆக்கினார். அவற்றைக் 'கொடைகள்' என்று அழைத்தார். முதற் கொடை, கயிற்றில் கட்டிய ஆறு வண்ணக் கம்பளிப் பந்துகள். அடுத்தது, மரத்தாலான உருண்டை, உருளை, கனசதுரம் என்னும் மூன்று வடிவங்கள். மூன்றாவது கொடை, எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும் ஒரு கனசதுரம். குழந்தை அதனைப் பிரிக்கும். நாற்காலி, படிக்கட்டு, பாலம் எனப் பலவாறு அடுக்கும். முடிவில் எட்டையும் சேர்த்துப் பெட்டிக்குள் வைக்கும். பாதி, கால், அரைக்கால் என்னும் பின்னங்களைச் சொல்லால் அறியுமுன்பே, அவற்றைக் கையால் தூக்கிப் பார்த்துவிடும். இங்கே திட்டம் என்பது பொருளுக்குள் அமைந்திருந்தது. விளையாடும் குழந்தைக்கு அது தெரியாது.

பிரஷ்ய அரசு இப்பள்ளிகள் நாத்திகத்தையும் பொதுவுடைமையையும் பரப்புவன என்று ஐயுற்று, 1851-ஆம் ஆண்டில் அவற்றைத் தடை செய்தது. சிறுவர் பந்து உருட்டுவதைக் கண்டு ஓர் அரசு அஞ்சியது என்பது நகைப்பிற்கு இடமானதே. பிரோபெல் மறு ஆண்டிலேயே காலமானார். 1860-இல்தான் தடை நீங்கிற்று.

ஆயினும், அரசின் தடையைவிடப் பெருந்தீங்கை அவருடைய முறைக்கு விளைத்தவர்கள் அவரைப் பின்பற்றியவர்களுள் சிலரே. கட்டம் வரைந்த மேசைகளின்முன் குழந்தைகளை வரிசையாக அமர்த்தினர். ஆசிரியையின் கட்டளைக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் கட்டையை எடுத்தனர். ஒரே நேரத்தில் வைத்தனர். கட்டைகள் அவைதாம், விளையாட்டைக் காணோம். திட்டம் பொருளுக்குள் இருந்த வரையில் விளையாட்டு வாழ்ந்தது. அது குழந்தையின் கைமேல் ஏறி அமர்ந்தவுடன் மடிந்தது.

இப்பிழையை வேறொரு நாட்டில், வேறொரு சூழலில் கண்டு தெளிந்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1870-ஆம் ஆண்டில் இத்தாலியில் பிறந்த அவர், அந்நாட்டில் மருத்துவப் பட்டம் பெற்ற முதற் பெண்களுள் ஒருவர். அறிவு வளர்ச்சி குன்றியவர் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடையே தொண்டாற்றி, தக்க பொருள்களைக் கையாளக் கொடுத்தால் அவர்களும் கற்பர் என்று கண்டார். இக்குழந்தைகளுக்கே இது இயலுமாயின், ஏனைய குழந்தைகள் எவ்வளவோ கற்கலாமே என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் எழுந்தது.

அதனை ஆராயும் வாய்ப்பு ஒரு வீட்டுச் சுவரின் வழியாக வந்தது எனலாம். உரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் பகுதியில் ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்தனர். ஒரு கட்டட நிறுவனம் அங்கிருந்த பழைய குடியிருப்புகளைச் செப்பனிட்டு அவர்களைக் குடியமர்த்தியது. பெற்றோர் விடியற்காலையிலேயே வேலைக்குச் சென்றுவிடுவர். மூத்த சிறுவர் பள்ளிக்குச் செல்வர். இரண்டரை வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார் எவருமிலர். அவர்கள் படிகளில் ஏறி இறங்கிப் புதுச் சுவர்களில் கிறுக்கினர். கைக்கு எட்டியவற்றை உடைத்தனர். ஆண்டுதோறும் சுவருக்கு வெள்ளையடிப்பதைவிடக் குழந்தைகளை ஓர் அறையில் வைத்துக் காப்பது செலவு குறைந்தது என்று நிறுவனத்தார் கணக்கிட்டனர். அப்பொறுப்பை ஏற்குமாறு மாண்டிசோரியை வேண்டினர். 1907-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 6-ஆம் நாள் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. ஐம்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள், ஓர் அறை, சில மேசை நாற்காலிகள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்டவர், ஆசிரியப் பயிற்சி பெறாத ஓர் இளம்பெண். சுவரைக் காக்க எழுந்த பள்ளி அது.

மாண்டிசோரி அங்கே வைத்த பொருள்களுள் ஒன்று உருளைக் கட்டைத் தொகுதி. நீண்ட மரக்கட்டையில் பத்துக் குழிகள்; அவற்றில் பொருந்தும் பத்து உருளைகள். ஒவ்வோர் உருளைக்கும் ஒரு சிறு குமிழ் உண்டு. குழந்தை உருளைகளை வெளியே எடுத்துக் கலந்து வைத்து, உரிய குழிகளில் மீண்டும் இடவேண்டும். ஒன்றைத் தவறாக இட்டாலும் இறுதியில் ஓர் உருளை எஞ்சும். அல்லது குழிக்குள் நுழையாது. 'தவறு' என்று சொல்ல ஆசிரியர் வேண்டுவதில்லை, கட்டையே சொல்லிவிடும். குமிழை மூன்று விரல்களால் பற்றிப் பற்றிப் பழகும் கை, பின்னாளில் எழுதுகோலைப் பற்றுதற்கும் அணியமாகிறது. ஒரு விளையாட்டுப் பொருளில் இத்தனை எண்ணங்களைப் பொதிந்து வைத்தவர், அவற்றில் ஒன்றையும் குழந்தையிடம் விளக்கவில்லை.

ஒருநாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி அக்கட்டையை எடுத்து விளையாடத் தொடங்கினாள். உருளைகளை எடுத்தாள், கலந்தாள், இட்டாள். முடிந்தவுடன் மீண்டும் தொடங்கினாள். மாண்டிசோரி வியந்து எண்ணத் தொடங்கினார். அவளுடைய கவனத்தைச் சோதிக்கும்பொருட்டு ஏனைய குழந்தைகளை அவளைச் சுற்றிப் பாடி ஆடச் செய்தார். சிறுமி நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அவள் அமர்ந்திருந்த சிறு நாற்காலியை அவளோடு சேர்த்துத் தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு அங்கேயும் தன் செயலைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்குமேல் செய்து முடித்தபின், எவரும் சொல்லாமல் தானே நிறுத்தினாள். உறங்கி எழுந்தவள்போல் மலர்ந்த முகத்துடன் சுற்றிலும் நோக்கினாள். சிறு குழந்தைகளுக்குக் கவனம் நிலைக்காது என்று அதுவரை எல்லாரும் நம்பியிருந்தனர். நிலைப்பதற்கு உரிய பொருளை அவர்களுக்கு எவரும் கொடுத்திலர் என்பதே உண்மை.

மற்றொரு நிகழ்ச்சி இதனினும் பெரிய மாற்றத்தை விளைத்தது. விளையாட்டுப் பொருள்களைப் பூட்டிய அலமாரியில் வைத்து, ஆசிரியை எடுத்துக் கொடுப்பது வழக்கமாயிருந்தது. ஒருநாள் ஆசிரியை அலமாரியைப் பூட்ட மறந்தார். மறுநாள் சிறிது காலந்தாழ்த்தும் வந்தார். வந்து பார்த்தபோது அலமாரி திறந்து கிடந்தது. குழந்தைகள் தத்தமக்கு வேண்டிய பொருளை எடுத்துச் சென்று அமைதியாக விளையாடிக்கொண்டிருந்தனர். ஆசிரியை அதனைத் திருட்டு என்று கருதிச் சினந்தார். மாண்டிசோரி வேறாகக் கருதினார். எப்பொருள் எங்கே உள்ளது என்பதையும், தமக்கு எது வேண்டும் என்பதையும் குழந்தைகள் அறிந்துள்ளனர் என்பதற்கு அதுவே சான்று என்று கொண்டார். அதன்பின் பூட்டிய உயர்ந்த அலமாரி நீங்கிற்று. குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் திறந்த தட்டுகள் வந்தன. இன்று உலகெங்கும் குழந்தைப் பள்ளிகளில் காணும் தாழ்ந்த தட்டுகள் ஒரு மறதியின் விளைவு என்பதைப் பலர் அறியார்.

பிரோபெல் 'விளையாட்டு' என்று போற்றியதை மாண்டிசோரி 'வேலை' என்றே அழைத்தார். இச்சொல் வேற்றுமையைப் பற்றி இருவருடைய மாணவரும் நெடுங்காலம் வழக்காடினர். நாற்பது தடவை உருளையை இட்ட சிறுமிக்கு அவ்வழக்கில் ஈடுபாடு இருந்திருக்க முடியாது.

மாண்டிசோரி அம்மையாருக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1939-ஆம் ஆண்டின் இறுதியில், பிரம்மஞான சபையின் தலைவராயிருந்த ஜார்ஜ் அருண்டேல் அழைப்பை ஏற்று, அவர் தம் மகன் மரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அங்கு அவர் நடத்திய முதற் பயிற்சியில் ஏறத்தாழ 300 ஆசிரியர் கலந்துகொண்டனர். 1940-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இத்தாலி போரில் இறங்கியது. உடனே இத்தாலியரான அவ்விருவரும் ஆங்கில அரசுக்குப் பகைநாட்டார் ஆயினர். மகன் சிறை வைக்கப்பட்டார். தாய் அடையாற்று எல்லைக்குள் இருத்தப்பட்டார். ஆகஸ்டில், அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி மகன் விடுவிக்கப்பட்டார். போர்க்காலம் முழுவதும் அவர்கள் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. இடையில் சில ஆண்டுகளைக் கோடைக்கானலில் கழித்தனர். நாடு கடந்து செல்ல முடியாத அந்த ஆண்டுகளில், இந்திய ஆசிரியர் நூற்றுக்கணக்கானோர் அவரிடம் நேரிற் பயின்றனர்.

அவர் வருவதற்குப் பல்லாண்டு முன்பே அவருடைய கருத்துகள் நூல்களின் வழியே இந்தியாவை எட்டியிருந்தன. குஜராத்தில் வழக்கறிஞராயிருந்த கிஜுபாய் பதேகா, தம் மகனை எங்ஙனம் வளர்ப்பது என்று ஆராய்ந்தபோது அந்நூல்களைக் கற்றார். பின்னர் வழக்கறிஞர் தொழிலையே விடுத்து, 1920-ஆம் ஆண்டில் பாவ்நகரில் 'பால மந்திர்' என்னும் குழந்தைப் பள்ளியை நிறுவினார். மீசை வைத்த தாய் என்று மக்கள் அவரை அன்புடன் அழைத்தனர். அவர் மாண்டிசோரியின் முறையை அப்படியே பெயர்த்து நடவில்லை. மிக இளங்குழந்தைகளுக்குக் கற்பனைக் கதைகள் வேண்டா என்பது மாண்டிசோரியின் கருத்து. கிஜுபாயோ நாட்டுப்புறக் கதைகளையும் பாட்டையும் நாடகத்தையும் தம் பள்ளியின் நடுவிடத்தில் வைத்தார். பாட்டிகள் கதை சொல்லும் நாட்டில் கதையில்லாத குழந்தைப் பள்ளி எங்ஙனம் நிலைக்கும்?

கிஜுபாயுடன் இணைந்து பணியாற்றியவர் தாராபாய் மோடக் அம்மையார். 1892-ஆம் ஆண்டில் பிறந்த அவர், ராஜ்கோட்டில் பெண்கள் பயிற்சிக் கல்லூரியின் தலைவர் பதவியை விட்டுப் பாவ்நகர்ப் பள்ளிக்கு வந்தவர். 1926-ஆம் ஆண்டில் இருவரும் சேர்ந்து 'நூதன பால சிக்ஷண சங்கம்' என்னும் அமைப்பை ஏற்படுத்தினர். நகரங்களில் அவர்கள் முறை பரவிற்று. ஆயினும் ஒரு குறை தாராபாயின் உள்ளத்தை உறுத்திற்று. மாண்டிசோரிப் பொருள்கள் விலையுயர்ந்தவை. நுட்பமான தச்சரன்றி மற்றவர் செய்ய இயலாதவை. அவற்றை வாங்கும் ஆற்றல் வசதி படைத்தோரின் பள்ளிகளுக்கே இருந்தது. உரோம் நகரின் ஏழைக் குழந்தைகளிடையே பிறந்த முறை, இந்தியாவில் செல்வர் வீட்டுக் குழந்தைகளின் உடைமையாகிக்கொண்டிருந்தது.

இந்நிலையை மாற்ற எண்ணிய தாராபாய், 1945-ஆம் ஆண்டில் மும்பைக்கு வடக்கே கடற்கரையில் உள்ள போர்டி என்னும் சிற்றூருக்குச் சென்றார். அவருக்குத் துணையாக வந்தவர் அனுதாய் வாக் என்னும் ஆசிரியை. அனுதாய் இளம் வயதிலேயே கணவனை இழந்து, பல தடைகளுக்கிடையே கற்று முன்னேறியவர். இருவரும் போர்டியில் குழந்தைப் பள்ளி ஒன்றைத் திறந்தனர். பள்ளி நன்றாகவே நடந்தது. ஆனால் யாருக்காக அவர்கள் வந்தனரோ, அக்குழந்தைகள் வரவில்லை. ஊரின் ஓரத்தில் தாழ்த்தப்பட்டோரும் கூலியாட்களும் வாழ்ந்த சேரிகளிலிருந்து பள்ளிக்கு வருவோரைக் காண்பது அரிதாயிற்று. காலையில் வேலைக்குச் செல்லும் தாய், குழந்தையைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊருக்குள் அழைத்து வர நேரம் ஏது? வந்தாலும் அங்கே தன் குழந்தை எவ்வாறு நடத்தப்படும் என்னும் அச்சம் வேறு.

குழந்தைகள் வராததைப் பெற்றோரின் அறியாமை என்று சொல்லி வாளாவிருந்திருக்கலாம். அப்படிச் சொன்ன பள்ளிகள் பல. தாராபாயோ, வராத குழந்தைகள் தம் திட்டத்தின் பிழையைக் காட்டுகின்றனர் என்று உணர்ந்தார். பள்ளிக்கு அவர்கள் வர இயலாதாயின் பள்ளியே அவர்களிடம் செல்வது என்று துணிந்தார். ஆசிரியைகள் சேரிக்குச் சென்று அங்குள்ள வீட்டு முற்றம் ஒன்றில் பள்ளியை நடத்தினர். 'அங்கன்' என்றால் முற்றம். முற்றத்தில் நடந்த அப்பள்ளி 'அங்கன்வாடி' என்று பெயர் பெற்றது.

முற்றத்தில் தாழ்ந்த தட்டுகளும் பளபளக்கும் உருளைக் கட்டைகளும் இல்லை. எனவே திட்டம் வகுப்பவர் சூழ்ந்துள்ள பொருள்களையே புதிய கண்ணோடு நோக்க வேண்டியதாயிற்று. கடற்கரையில் கிளிஞ்சல்கள் கிடந்தன. அவற்றைச் சிறியது, பெரியது என வரிசைப்படுத்தினால் கண்ணுக்குப் பயிற்சி. கூழாங்கற்களைக் கண்ணை மூடித் தொட்டு, வழவழப்பும் சொரசொரப்பும் பிரித்தால் விரலுக்குப் பயிற்சி. உதிர்ந்த இலைகளை ஒத்த வடிவங்களாகச் சேர்க்கலாம். விதைகளைப் பிரித்து அடுக்கலாம். பத்துப் பத்தாகக் கூட்டி எண்ணலாம். களிமண் எத்தனை முறை பிசைந்தாலும் மீண்டும் புதிதாகும். மரக்கட்டைகளைத் தச்சர் அளந்து செய்யலாம். ஆனால் ஒரு வேப்பிலையின் விளிம்பில் உள்ள பற்களைப்போல் நுட்பமான பொருளை எத்தச்சரும் செய்ய முடியாது.

எளிய பொருள் என்பதால் எண்ணிப் பாராமல் கொடுத்துவிடலாகாது. இங்கேதான் திட்டம் வகுப்பவரின் பொறுப்பு மிகுகிறது. இரண்டு வயதுக் குழந்தை கையிற் கிடைத்ததை வாயிலும் மூக்கிலும் இடும். ஆகவே சிறு விதைகள் அதற்கு ஆகா. கண்ணைக் கவரும் குன்றிமணி கடும் நஞ்சுடையது. மென்றால் உயிருக்கே கேடு. அதனை எவ்வயதுக் குழந்தைக்கும் விளையாடக் கொடுத்தல் கூடாது. கிளிஞ்சலின் உடைந்த ஓரம் கூரியது. நீர் விளையாட்டுக்கு வைக்கும் தொட்டி ஆழமற்றதாயிருத்தல் வேண்டும்; அப்பொழுதும் ஒருவர் அகலாது அருகிருத்தல் வேண்டும். குழந்தைகள் வருவதற்கு ஒரு நாழிகைக்கு முன்பே ஆசிரியை வந்து, முற்றத்தைப் பெருக்கி, கண்ணாடிச் சில்லையும் முள்ளையும் பொறுக்கி எறிந்து, பொருள்களை ஒழுங்குபட வைத்தாக வேண்டும். விளையாட்டுத் திட்டத்தின் பெரும்பகுதி, குழந்தைகள் வருமுன்பே முடிந்துவிடுகிறது.

காலைப்பொழுதை அமைப்பதற்கும் ஒரு முறை உண்டு. ஓடி ஆடும் விளையாட்டுக்குப்பின் அமர்ந்து செய்யும் செயல், அதன்பின் பாட்டு, மீண்டும் உடலசைவு. மூன்று வயதுக் குழந்தையை நெடுநேரம் ஒரே நிலையில் இருத்துவது இயலாது; இயன்றாலும் தகாது. தரையில் சுண்ணாம்பால் ஒரு வளைகோடு வரைந்து, அதன்மேல் அடி பிசகாமல் நடக்கச் சொன்னால், ஓடிக் களைத்தவரும் தாமே அமைதியுறுவர். நீர் நிரம்பிய சிறு கிண்ணத்தைக் கையில் கொடுத்தால் அமைதி இன்னும் ஆழமாகும். மாண்டிசோரி அமைத்த மௌன விளையாட்டும் இவ்வகையதே. எல்லாரும் ஓசையின்றி இருப்பர். ஆசிரியை தொலைவில் நின்று ஒவ்வொரு பெயராக மெல்லக் கூப்பிடுவார். பெயர் கேட்ட குழந்தை காலடி ஓசையும் எழாமல் நடந்து வரும். அதட்டி அடக்கிய அமைதியை அறிந்தவர்களுக்கு, குழந்தைகள் விரும்பிக் காக்கும் அமைதி ஒரு புதுமையே.

ஒவ்வொரு விளையாட்டுப் பொருளிலும் ஒன்றே வைத்தால் போதும் என்பது மாண்டிசோரி முறையின் மற்றொரு நுட்பம். பொருள் குறைவு என்பதனால் அன்று. ஒருவர் விளையாடும்போது மற்றவர் காத்திருக்கவும், முடித்தவர் உரிய இடத்தில் வைத்துச் செல்லவும் பழகுவதற்காக. விட்டுக்கொடுத்தலைப் பற்றிய நீண்ட அறிவுரையைவிட இது பயனுடையது.

விளையாட்டுத் தொடங்கியபின் ஆசிரியைக்குரிய வேலை பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருப்பதே. இதுவே அவருக்கு மிகக் கடினமானது. குழந்தை உருளையைத் தவறான குழியில் இடும்போது கை தானாக நீளும்; அதனை அடக்கிக்கொள்ள வேண்டும். ஒருத்தி ஒரு மாதமாகக் களிமண்ணை மட்டுமே எடுக்கிறாள். ஒருவன் எதையும் தொடாமல் மற்றவர் விளையாடுவதை நோக்கிக்கொண்டே இருக்கிறான். முன்னவளை இழுத்து வேறு பொருளின்முன் அமர்த்துவதும், பின்னவனைச் சோம்பேறி என்று சொல்வதும் எளிது. மாலையில் ஆசிரியை தம் குறிப்பேட்டில், எக்குழந்தை எதை எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை எழுதிவைக்கிறார். பத்து நாட்களுக்குப்பின், நோக்கிக்கொண்டிருந்தவன் திடீரெனச் சென்று, எவரும் கற்பிக்காமலே அச்செயலைப் பிழையறச் செய்வதைக் காணலாம். அவன் அத்தனை நாளும் சும்மா இருந்தவன் அல்லன். மறுநாளைய திட்டம் இக்குறிப்பேட்டிலிருந்தே பிறக்கிறது.

1957-ஆம் ஆண்டில் தாராபாயும் அனுதாயும் போர்டியிலிருந்து அண்மையிலுள்ள கோஸ்பாட் குன்றுக்குத் தம் பணியை மாற்றினர். அங்கு வாழ்வோர் வார்லி என்னும் பழங்குடியினர். நிலக்கிழார்களின் கொத்தடிமைத் தளையை எதிர்த்து 1945-ஆம் ஆண்டில் கிளர்ந்தெழுந்த மக்கள் அவர்கள். அரிசிமாவைக் குழைத்து மண்சுவரில் வட்டமும் முக்கோணமும் கொண்டு மாந்தரையும் மரங்களையும் தீட்டும் கலை அவர்களுக்கு உரியது. அவர்தம் குழந்தைகளுக்கு வடிவங்களைக் கற்பிக்க மரப்பெட்டி வேண்டுவதில்லை. வீட்டுச் சுவரே போதும்.

கோஸ்பாட்டில் குழந்தைகள் மீண்டும் திட்டத்தைத் திருத்தினர். சிறுமியர் பலர் வீட்டில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் பள்ளிக்கு வரவில்லை. எனவே கைக்குழந்தைகளின் காப்பகமும், சிறு குழந்தைகளின் பள்ளியும், தொடக்கப் பள்ளியும் ஓரிடத்திலேயே அமைந்தன. இடுப்பில் தம்பியைச் சுமந்துவரும் அக்காள், அவனைக் காப்பகத்தில் விட்டுத் தன் வகுப்புக்குச் செல்லலாம். வேண்டும்போது வந்து பார்த்துக்கொள்ளலாம். சிறுவர் பலர் பகலெல்லாம் மாடு மேய்த்தனர். மாட்டை விட்டுவிட்டு அவர்கள் வர முடியாது. எனவே ஆசிரியர் பைநிறையப் பொருள்களுடன் மேய்ச்சல் நிலத்துக்கே சென்றனர். மாடுகள் ஒருபுறம் மேய, மறுபுறம் பாட்டும் விளையாட்டும் கணக்கும் நடந்தன. மேய்ச்சல் நிலப் பள்ளி என்றே அதற்குப் பெயர் வழங்கியது. மாடு பிறர் வயலுக்குள் புகும்போது மாணவன் எழுந்தோடுவான். திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடர்வான்.

தாராபாய் 1973-ஆம் ஆண்டில் மறைந்தார். அனுதாய் அப்பணியைத் தொடர்ந்து நடத்தி 1992-ஆம் ஆண்டில் மறைந்தார். இவ்விரு மறைவுகளுக்கும் இடையே, 1975-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள், இந்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை 33 வட்டாரங்களில் தொடங்கியது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு உணவும் உடல்நலப் பாதுகாப்பும் விளையாட்டு வழிக் கல்வியும் அளிக்க ஊர்தோறும் ஏற்பட்ட நிலையங்களுக்கு, போர்டியில் வழங்கிய அதே பெயர் வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் தாய்மார் 'அங்கன்வாடி' என்றே சொல்கின்றனர். காலையில் அதன் வாயிலைத் திறந்து பெருக்கும் பணியாளர், நேற்று மணலில் குழந்தைகள் அடுக்கிவிட்டுச் சென்ற வீட்டைக் கலைக்காமல் விளக்குமாற்றைச் சற்று விலக்கிச் செல்வதை அங்கே இன்றும் காணலாம்.